மாமனார் விட்டுப்போன நான்கு மூங்கில் தூண்டில்கள்: எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது?

மாமனார் காலமான மூன்றாம் மாதம் மாமியார் கேரேஜைக் காலி செய்யச் சொன்னார். மிச்சிகனில் ஐம்பது வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தவர்களின் கேரேஜ் எப்படியிருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. பனி அள்ளும் இயந்திரத்துக்கு மேலே, உத்தரத்தில் அடித்த இரண்டு ஆணிகளின் மேல் நான்கு தூண்டில் கழிகள் கிடந்தன. மூன்று குழாய்க்குள், ஒன்று மரப்பெட்டிக்குள். எல்லாமே மூங்கில். மச்சான் அங்கேயே நின்று படமெடுத்துப் பக்கத்து ஊர் பழம்பொருள் கடைக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில்: "நாலுக்கும் சேர்த்து 200 டாலர், இன்றே பணம்."

அந்த "இன்றே" எனக்குப் பிடிக்கவில்லை. மீன்பிடிப்பில் எனக்கு அனா ஆவன்னா தெரியாது. ஆனாலும் ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டதுதான் இது. வீட்டில் இப்படி ஒன்று கிடைத்து, விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா, யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று முழிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பொருள் என்று. நாம் குளத்தங்கரையில் பிடித்துக்கொண்டு உட்காரும் மூங்கில் கம்பு இல்லை. முழு மூங்கிலைப் பிளந்து, முக்கோணப் பிளாச்சுகளாகச் சீவி, ஆறு பிளாச்சுகளைச் சேர்த்து ஒட்டி அறுகோணக் கழியாக்குகிறார்கள். அடியிலிருந்து நுனிவரை அது மெலிந்துகொண்டே போகும். அந்த மெலிவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் சீவியிருப்பார்கள். ஃப்ளை என்கிற இரை இறகும் முடியும் கட்டிச் செய்த பொய் ஈ, எடையே கிடையாது. வீசும்போது பறப்பது கயிற்றின் எடை, பறக்கவிடுவது கழியின் துள்ளல். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கழிகளில் ஒன்று 50 டாலருக்கும் மற்றது 5,000 டாலருக்கும் போகிறதென்றால், செய்தவர் பெயருக்கு அடுத்தபடியாக அந்தச் சீவலுக்குத்தான் விலை.

ஒரு சின்ன கிளைக்கதை. 19-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த சாமுவேல் ஃபிலிப்பியும், அவருக்குப்பின் மேய்ன் மாநிலத்தின் பேங்கரில் ஹைரம் லெனர்டும் இந்தக் கழிகளைச் செய்யத் தொடங்கியபோது மூங்கில் போனது இந்தியாவிலிருந்து. கல்கத்தா கேன் என்றே அதற்குப் பெயர். சுட்ட கரும்புள்ளிகள் இருக்கும், பார்த்ததும் தெரியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நார் அடர்த்தி, கணுக்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. பிறகு கண்ணாடியிழைக் கழிகள் வந்தன. 1950-இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடையும் போட்டது. பெரிய தொழிற்சாலைகள் மெல்ல மூங்கிலைக் கைவிட்டன. ஆகவே தாத்தா, மாமனார் வழியாக வரும் கழிகள் பெரும்பாலும் 1920-களிலிருந்து 1950-களுக்குள் செய்தவை. நூறு வருடம் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். இந்தச் சந்தையில் வயதுக்கு மட்டும் யாரும் காசு கொடுப்பதில்லை.

அடையாளம் காணத் தேவையானது டேப்பும் பூதக்கண்ணாடியும்தான். சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து ஒவ்வொரு துண்டையும் தனியாக அளந்தேன். ஒரு கழி இரண்டு அல்லது மூன்று துண்டாக இருக்கும். நுனித் துண்டு மட்டும் பெரும்பாலும் இரண்டு கொடுத்திருப்பார்கள், ஒன்று ஒடிந்தால் இன்னொன்று. துண்டுகளைச் செருகும் உலோக மூட்டை இங்கே ஃபெரூல் என்கிறார்கள். உலக்கைக்குப் போடுகிற பூண்தான். நல்ல கழிகளில் அது நிக்கல் சில்வர், மலிவானவற்றில் முலாம் பூசிய பித்தளை. தேய்ந்த இடத்தில் மஞ்சள் எட்டிப்பார்த்தால் பித்தளை. இறுகிப்போன பூணைத் திருகிக் கழற்றப் பார்க்காதீர்கள், மூங்கில் முறுக்கிக்கொண்டு ஒட்டு விட்டுவிடும். நேராகத்தான் இழுக்க வேண்டும்.

நீளத்தில் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. பச்சைத் துணி உறைக்குள் இருந்த கழியில் அடி 36 அங்குலம், நடு 36, ஒரு நுனி 36, இன்னொரு நுனி 31½. ஒடிந்த நுனியில் யாரோ கயிறு போகும் புது வளையத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள், அளக்காமல் கண்டுபிடிக்கவே முடியாது. மாமியாரிடம் கேட்டேன். "அது 1974. கார் கதவை நான்தான் சாத்தினேன்" என்றார். அந்த நாலரை அங்குலத்தில் கழியின் மதிப்பில் பாதி போய்விட்டது.

அதன் அடித்துண்டில் சவுத் பெண்ட் என்ற பெயரும் 359 என்ற எண்ணும். இந்தியானா மாநிலத்துத் தொழிற்சாலைச் சரக்கு, 9 அடி, மூன்று துண்டு. வேலைக்கு உதவுகிற, நல்ல, சாதாரணமான கழி. நிறைய செய்தார்கள், நிறைய மிச்சமிருக்கிறது. மாண்டேக், ஹாரக்ஸ்-இபட்சன் என்ற பெயர்கள் இருந்தாலும் இதே கதைதான். இவர்கள் செய்த கழிகளை ஹார்டுவேர் கடைகள் தங்கள் பெயரைப் போட்டும் விற்றன. அதனால் யாரும் கேள்விப்படாத பெயர் இருந்தால் அபூர்வம் என்று நினைத்துவிடக் கூடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. இன்றைக்குப் பிள்ளைகள் சட்டை வாங்கும் ஆபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் அந்தக் காலத்தில் நியூயார்க்கில் வேட்டை, மீன்பிடிப்புச் சாமான் விற்ற பெரிய கடை. அதன் பெயர் போட்ட கழியை ஜிம் பெய்ன் போன்ற பெருங்கைவினைஞர் செய்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் அவசரப்படாதீர்கள்.

மரப்பெட்டியைத் திறந்ததும் மச்சான் விசிலடித்தார். உள்ளே வெல்வெட் மாதிரித் துணி, பளபளக்கும் மூங்கில், சிவப்பு நூல் கட்டு, சின்ன டப்பாவில் ஃப்ளைகள். நான்கில் அழகானது அதுதான். நான்கில் மலிவானதும் அதுதான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்கு வாங்கிவந்த நினைவுப்பொருள் இது. இப்படிப் பெட்டிகள் அமெரிக்கா முழுக்க மாடியறைகளில் கிடக்கின்றன. மூங்கிலும் மட்டம், பூணும் மட்டம். நாற்பது டாலர் கொடுத்தால் வாங்கியவருக்கு நஷ்டம். மாமனார் கடற்படையில் யோகோசுகாவில் இருந்தவர், அங்கே வாங்கியிருக்கிறார்.

மூன்றாவது, ஹெடன் 17, பிளாக் பியூட்டி. கழியின் மேலேயே பெயரும் எண்ணும் நீளமும் எழுதியிருந்தன: 8½ அடி. ஹெடன் மிச்சிகனின் டவாஜியாக்கில் இருந்த கம்பெனி. மரத்தில் செய்த மீன் பொம்மை இரைகளுக்குப் பேர்போனது. (உங்கள் சாமான் பெட்டியில் கண்ணாடிக் கண் வைத்த ஹெடன் மர இரைகள் இருந்தால் தனியாக எடுத்துவையுங்கள். கழியைவிட அவை அதிகம் போகலாம். பழைய ஹார்டி, வாம் ஹோஃப் கம்பெனிகளின் ரீல்களும், அதாவது கயிறு சுற்றும் சக்கரங்களும், அப்படித்தான். எங்கள் பெட்டியில் இருந்தது ப்ளூகர் மெடலிஸ்ட் ரீல் ஒன்றுதான், ஊரில் எல்லாரிடமும் இருப்பது.) இரண்டு நுனியும் முழு நீளம், பழைய உறை, பழைய குழாய், வார்னிஷில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நடுத்துண்டு துளி வளைந்திருந்தது. மீன் பிடித்த கழியில் அது இல்லாமல் போகாது.

நான்காவதில் பெயரே இல்லை என்று நினைத்தோம். சாம்பல் நிற அலுமினியக் குழாய், கருத்த கார்க் பிடி, இரண்டே துண்டு, 8 அடி. மச்சான் அதைத் தனியாகப் படமெடுக்கக்கூட இல்லை. விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தபோது பிடிக்கு மேலே வார்னிஷுக்கு அடியில் மையில் எழுதிய நான்கு எண்கள் மங்கலாகத் தெரிந்தன: 8013. பக்கத்தில் ஒரு கையெழுத்து. டெட்ராய்ட்டில் 1930-களிலிருந்து தனியாளாகக் கழி செய்த லைல் டிக்கர்சன் தன் கழிகளுக்கு எண் வைத்த விதம் இது. 80 என்றால் 8 அடி 0 அங்குலம், 13 என்றால் பூணின் விட்டம் ஓர் அங்குலத்தின் 64 பாகத்தில் 13. வெர்னியர் காலிப்பரை வைத்தேன், 5.16 மில்லிமீட்டர் வந்தது. கணக்குப் போட்டால் சரியாக 13/64. அன்றிரவு அந்தக் குழாயை உத்தரத்தில் வைக்கவில்லை, எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

எண் பொருந்துவதால் மட்டும் அசல் ஆகிவிடாது. கையெழுத்தைப் பிறகு எழுத முடியும், பெயர் பொறித்த அடிமூடியை வேறு கழியில் மாட்ட முடியும். நூல் கட்டின் நிறம், பிடியின் வடிவம், கணுக்களை அடுக்கிய விதம், ரீல் மாட்டும் இடத்தின் உலோகம் எல்லாம் ஒரே கையைக் காட்ட வேண்டும். அதைச் சொல்ல நூற்றுக்கணக்கில் கையிலெடுத்துப் பார்த்தவர் தேவை. மூங்கில் கழிகளை மட்டுமே வாங்கி விற்கும் வியாபாரிகள் இருவருக்குத் தனித்தனியாகப் படம் அனுப்பினேன். ஒருவர் 3,000 டாலருக்குக் குறையாது என்றார். மற்றவர் கழியைக் கையில் பார்க்காமல் தொகை சொல்லமாட்டேன் என்றார். எனக்கு இரண்டாமவரை அதிகம் பிடித்தது.

விலையை நீங்களே பார்ப்பதாக இருந்தால் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். சவுத் பெண்ட் கழிக்கு 450 டாலர் போட்டுவிட்டு இரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லித் தேடினால் யானை விலை, குதிரை விலை எல்லாம் தரைக்கு வந்துவிடும். அதிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் நீளம் பொருந்த வேண்டும். 9 அடிக் கழி நிறையக் கிடைக்கிறது, கேட்பாரில்லை. 8 அடி, 7½ அடிக்கு அடித்துக்கொள்கிறார்கள். இன்றைய ஆட்கள் சின்ன ஓடைகளில் லேசான கழியோடு நிற்க ஆசைப்படுகிறார்கள், அவ்வளவுதான் காரணம்.

இனி வழிகள். பழம்பொருள் கடை, கேரேஜ் விற்பனை இரண்டையும் ஒரே வரியில் தள்ளிவிடலாம்: அவர்கள் நான்கையும் ஒரே கட்டாக வாங்குவது அதில் ஒன்று என்னவென்று தெரிந்துதான்.

சீர்செய்து விற்கலாமே என்று மச்சான் கேட்டார். இதுதான் எல்லாரும் விழும் குழி. புது நுனித்துண்டு ஒன்று செய்ய எனக்குச் சொன்ன தொகை 250 டாலர். முழுக் கழியையும் பிரித்து, நூல் மாற்றி, வார்னிஷ் போட அதற்கும் மேலே. சவுத் பெண்டுக்கு இதைச் செய்வது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டிக்கர்சனுக்குச் செய்தால் அதைவிட மோசம், சேகரிப்பவர்கள் பழைய வார்னிஷுக்கும் பழைய நூலுக்கும்தான் பணம் தருகிறார்கள். கடையில் கிடைக்கும் பாலியூரித்தேன் டப்பாவை வாங்கி ஒரு கை பூசிவிட்டீர்களானால் பாதி விலை அந்தப் பிரஷோடு போய்விடும். விற்கப்போகும் கழியைத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீர்செய்வது, அதில் மீன் பிடிக்கப்போகிறவருக்கு மட்டும்.

ஆன்லைனில் நீங்களே விற்பது நூறிலிருந்து ஐந்நூறு டாலர் வரை உள்ளவற்றுக்குச் சரி. கமிஷன் குறைவு, பணம் சீக்கிரம். உழைப்பு உங்களுடையது: ஒவ்வொரு பூணையும் வளையத்தையும் படமெடுத்து, ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் எழுதி, வளைவை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாலரை அங்குலம் குறைந்த நுனியைச் சொல்லாமல் விற்றால் கழி உங்கள் செலவில் வீடு திரும்பும். அனுப்புவதற்கு அட்டைக் குழாயை நம்பாதீர்கள், ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப் வாங்கி இரண்டு பக்கமும் மூடி போடுங்கள். எங்கள் ஹெடனுக்கு 300 முதல் 400 டாலர் வரை வரும் என்று தெரிந்தது. இந்த வழியில் விற்றிருப்பேன், விற்பதாக இருந்திருந்தால்.

டிக்கர்சனுக்கு உண்மையான போட்டி மூங்கில் வியாபாரிக்கும் மீன்பிடிச் சாமான்களுக்கென்றே நடக்கும் ஏலத்துக்கும் இடையில். இதில் நான் பத்து நாள் மாறி மாறி யோசித்தேன். ஏலத்தில் இரண்டு பேருக்கு ஒரே கழியின் மேல் ஆசை வந்துவிட்டால் விலை எங்கேயோ போகும். ஆனால் அது அந்த நாளைப் பொறுத்தது. விற்பவரிடமும் கமிஷன் எடுப்பார்கள், வாங்குபவரிடமும் எடுப்பார்கள். வாங்குபவர் அதைக் கணக்கில் வைத்துத்தான் கை தூக்குவார், கடைசியில் அதுவும் நம் தலையில்தான். குறைந்தபட்ச விலை வைக்க ஒப்புக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

வியாபாரியிடம் இரண்டு விதம். ரொக்கத்துக்கு விற்றால் அவர் விற்கும் விலையில் பாதியைக் கொஞ்சம் தாண்டிக் கொடுப்பார். அவருடைய கடையில் ஒப்படைத்து விற்றால் ஐந்தில் ஒரு பங்கு, சில இடத்தில் நான்கில் ஒரு பங்கு அவருக்கு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் அவர் அசல் என்று தன் பெயரை வைத்து விற்கிறார், வாங்குபவருக்கு அதுதான் தேவை. பெயர் தெரிந்த, நிலையான சந்தை உள்ள கழிக்கு ஏலத்தின் பரபரப்பு தேவையில்லை என்பது என் முடிவு. யார் செய்தது என்றே சண்டை போடத்தக்க விநோதமான கழியோ, அபூர்வ ரீலோ இருந்திருந்தால் ஏலத்துக்கே அனுப்பியிருப்பேன். ஒன்று மட்டும் கவனம்: மதிப்பு சொல்பவரே வாங்கவும் முன்வந்தால், அந்த மதிப்பை மதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மனைவிக்கு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் ஆசை இருந்தது. வெர்மான்ட்டின் மான்செஸ்டரில் அமெரிக்க ஃப்ளை மீன்பிடிப்பு அருங்காட்சியகம் இருக்கிறது, நியூயார்க்கின் லிவிங்ஸ்டன் மேனரில் கேட்ஸ்கில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏற்கெனவே தங்களிடம் இருப்பதை அவர்கள் மறுபடி வாங்க வேண்டியதில்லை, விலையும் சொல்லமாட்டார்கள். வரிக்கழிவு கேட்பதானால் 5,000 டாலருக்கு மேல் போகும் பொருளுக்குத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். நம் பொருளின் தொகையைப் பார்த்தால் கொடுக்கும் மனம்தான் முக்கியம், வரி அல்ல. விற்றாலும் வரி பயமுறுத்தும் அளவு வராது. வாரிசாக வந்த பொருளுக்கு, இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பே வாங்கிய விலையாகக் கணக்காகும். அதற்கு மேல் வந்த லாபத்துக்குத்தான் வரி. அதனால்தான் மாமனார் இறந்த சமயத்தில் விற்றுமுடிந்த விலைகளை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

சுவரில் மாட்டுவது பற்றி ஒரு சொல். வெயில் படும் சுவரும் அடுப்புக்கு மேல் சுவரும் வேண்டாம். ஈரக் குழாய்க்குள் போட்டு மூடுவதும் வேண்டாம், வார்னிஷ் கொப்பளித்துவிடும்.

கடைசியில் நான்குக்கும் நான்கு வழி என்று ஆனது. டிக்கர்சன், கழியைக் கையில் பார்க்காமல் தொகை சொல்லாத அந்த வியாபாரிக்குப் போனது, ஒப்படைத்து விற்கும் முறையில். மச்சானுக்கு இதில் வருத்தம்தான், ஆனால் அவருக்கும் என் மனைவிக்கும் பங்கு வைக்க வேறு வழியில்லை. ஒரு கழியை இரண்டாக வெட்ட முடியாது. மரப்பெட்டியை மாமியார் தன் படுக்கையறையில் வைத்துக்கொண்டார். அதை மாமனார் கப்பலிலிருந்து இறங்கி இவர் கையில் கொடுத்த நாளை இரண்டு தடவை சொன்னார்.

சவுத் பெண்டின் முழு நுனியை மட்டும் மாட்டிப் பின்கட்டுப் புல்வெளியில் நான் வீசிப் பழகுகிறேன். ஒடிந்தாலும் அழமாட்டேன் என்பதுதான் அதன் பெரிய நற்குணம். ஹெடனை மச்சான் எடுத்துக்கொண்டார். 400 டாலருக்கு விற்று ஆளுக்கு இருநூறு பங்கு போடுவதைவிட, அப்பாவின் கழி தன்னிடம் இருக்கட்டும் என்றார். அதன் கழியில் எழுதியிருந்த எச்டிஎச் என்ற மூன்றெழுத்து பழைய பட்டுக் கயிற்றின் அளவு, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 6-ஆம் எண் கயிறு. அதை வாங்கிச் சுற்றியாகிவிட்டது. மிச்சிகனில் ட்ரவுட் மீன் பிடிக்கும் பருவம் ஏப்ரல் கடைசி சனிக்கிழமை திறக்கிறது. கிரேலிங் பக்கம் ஓசேபிள் ஆற்றுக்குப் போகிறோம், மாமியாரும் வருகிறார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கழிகள் காருக்குள் ஏறியபின் கதவை வேறு யாராவது சாத்த வேண்டும்.